முன்னேறும் காலாட்களுக்கு அஞ்சற்க

விழா மலருக்குத் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுந்தால், இலக்கியச் சிறப்பையோ இலக்கணத்தின் இன்றியமையாமையையோ எடுத்துரைப்பான் என அன்பர்கள் எதிர்பார்த்தல் இயல்பு. யானோ சதுரங்கத்தைப் பற்றி, அதிலும் அவ்விளையாட்டிற் புதிதாகப் புகும் மாணவர் எய்தும் முதல் அச்சத்தைப் பற்றி எழுதத் துணிந்தேன். அதற்குக் காரணம் ஒன்றுண்டு. அதனை இறுதியிற் கூறுவேன்.

யான் சதுரங்கம் கற்றது 1990ஆம் ஆண்டையொட்டிய ஊரடங்கு மாலைகளில், குப்பி விளக்கின் ஒளியில், தந்தையாரிடமிருந்து. வெளியே செல்லவியலாத சிறுவருக்கு அறுபத்து நான்கு கட்டங்களே விளையாட்டு மைதானமாயின. இன்றைய மாணவர் கைத்தொலைபேசியிலும் ஆடுகின்றனர். எனினும், அன்றும் இன்றும் புதியவரை நிலைகுலையச் செய்வது ஒன்றே. ஆட்டம் தொடங்கியதும் எதிரி தன் காலாட்களை அடுக்கடுக்காக முன்னே தள்ளுகிறான். குதிரை விரட்டப்படுகிறது, மந்திரி விரட்டப்படுகிறது. புதியவன் கலங்கித் தானும் காலாட்களைத் தள்ளுகிறான். அல்லது காய்களை வீட்டுக்கே திருப்புகிறான். பத்தாம் நகர்வுக்குள் மனத்தளவில் தோற்றுவிடுகிறான்.

இவ்வச்சம் பெரும்பாலும் பொய்யச்சம் என்பதே எனது துணிபு. காலாள் ஒன்றே பின்வாங்க இயலாத காய். அது முன்வைக்கும் ஒவ்வோர் அடியும், அது காத்துநின்ற கட்டங்களைக் காவலின்றி விட்டுச்செல்லும் அடியுமாகும். தன் அரசனருகே நிற்கும் காலாட்களை எண்ணாது தள்ளியவன் எய்தும் கதிக்கு, உலகறிந்த மிகக் குறுகிய ஆட்டமே சான்று. வெள்ளை அரசன் பக்கத்து மந்திரியின் காலாளை ஒரு கட்டமும், அடுத்துக் குதிரையின் காலாளை இரு கட்டமும் நகர்த்துகிறது. கறுப்பு அரசனின் காலாளை நகர்த்தி, இரண்டாம் நகர்விலேயே இராணியை விளிம்புக்குக் கொணர்ந்து வெள்ளையரசனை மடக்கிவிடுகிறது.

நம் துறைமுகத்தின் வரலாறும் இதனையே கூறும். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து விரைந்து கைப்பற்றினர். ஆயினும் அங்கு நிறுத்திய காவற்படை சிறிது. அதே ஆண்டு ஆகஸ்டிற் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரன் வந்திறங்கி அதனைக் கைக்கொண்டார். ஆங்கிலத் தளபதி ஹியூஸ் கப்பல்களுடன் வந்தபோது காலம் கடந்துவிட்டது. முன்னே செல்வது எளிது. சென்ற இடத்தை நிலைநிறுத்துவதே அரிது.

எதிர்ப்பது எவ்வாறு? வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அடுத்தடுத்து வகுத்த அதிகாரங்களின் பெயர்களே நமக்கு வழிகாட்டும்.

முதலாவது வலி. காலாள் முன்னேறியதும், “இது எதனைத் தாக்குகிறது? இதற்குத் துணை யாது?” என வினவுக. தூசிப்படைக்குப் பின்னே கூழைப்படை இல்லையேல் அது வெறும் ஆரவாரம். மெய்யான ஆபத்து ஒன்றுண்டு. காலாள் குறுக்காக வெட்டுமாதலின், ஒரே வரிசையில் இடையே ஒரு கட்டம் விட்டு நிற்கும் இரு காய்களை ஒருசேரத் தாக்கவல்லது. அவ்வாறு காய்களை நிறுத்துமுன், இடைக்கட்டத்துக்கு நேரே எதிரியின் காலாள் வரக்கூடுமா என நோக்குக. எதிரி இரு கட்டம் பாய்ந்து நம் காலாளின் அருகே வந்து நின்றால், அது ஒரு கட்டமே வந்ததாகக் கொண்டு வெட்டும் உரிமை நமக்குண்டு. அவ்வுரிமை அடுத்த நகர்வுக்கு மட்டுமே உரியது என்பதனை மறவற்க.

இரண்டாவது காலம். எதிரி நான்கு முறை காலாட்களைத் தள்ளினான் எனில், அவன் காய்கள் வீட்டில் உறங்குகின்றன. அந்நேரத்தில் நாம் குதிரைகளையும் மந்திரிகளையும் வெளிக்கொணர்ந்து, அரசனைக் கோட்டைக்குட் சேர்த்தல் வேண்டும். காய் தாக்கப்பட்டால் அதனை ஒருமுறை நல்ல கட்டத்துக்கு நகர்த்துக, தாக்கப்படாவிடின் பொருட்படுத்தற்க. காலாளுக்குக் காலாளாற் பதிலிறுப்பது, ஏசுபவனுக்கு ஏச்சாற் பதிலிறுப்பது போன்றதே.

மூன்றாவது இடம். எதிரி ஓரத்தில் முன்னேறினால் நடுவில் அடிக்க. நடுக்களத்துக் காலாட்களை மோதவிட்டு வழிகளைத் திறந்தால், கோட்டை புகாத அவன் அரசனே வெளிப்பட்டு நிற்பான். ஆயின், நடுக்களத்தில் இருபாலாரின் காலாட்களும் முட்டிப் பூட்டுண்டு நின்றால் இவ்விதி பொருந்தாது. அப்போது ஓரத்துத் தாக்குதல் வலியதே. ஆங்கு அரசனைப் புயல் வரும் பக்கத்துக்குக் கொண்டு செல்லாதிருத்தலும், முன்வரும் காலாளின் நேரெதிரே குதிரையை நிறுத்தித் தடுத்தலும் தக்கன. கோட்டை புகுந்த அரசனின் முன்னுள்ள காலாட்களைப் பெரும்பாலும் அசைக்கற்க. அசைந்த காலாளே எதிரி பற்றி ஏறும் கொம்பாகிவிடும்.

இம்முறை நம்மவர்க்குப் புதிதன்று. பழைய இந்தியச் சதுரங்கத்திற் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். அம்மரபில் ஊறிய மகேஷ்சந்திர பானர்ஜி, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கல்கத்தாவில் ஜோன் கொக்றேனுடன் ஆடியபோது, எதிரியை நடுக்களத்திற் காலாட்களை நிறுத்தவிட்டு, பக்கத்தே நிறுத்திய மந்திரியால் அவற்றைத் தாக்கினார். இன்று உலகெங்கும் ஆடப்படும் இந்தியத் தற்காப்புகளுக்கு அப்பெயர் வரக் காரணமானவருள் அவர் முதன்மையானவர். 1921இற் புடாபெஸ்ற்றில் அலேகின், எதிரியின் காலாட்களைத் தன் குதிரையை விரட்டுமாறு தாமே அழைத்து, பின்னர் அவற்றையே இலக்காக்கும் தொடக்கத்தை ஆடிக்காட்டினார். 2024 டிசம்பரிற் சிங்கப்பூரில், பதினெட்டு வயது இளைஞர் குகேஷ் உலக வெற்றியாளரானதைக் கண்டு மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சி நம் மாணவரைப் பலகையின் முன் அமர்த்தாவிடிற் பயன் என்னை?

இனி, தொடக்கத்திற் கூறிய காரணத்துக்கு வருவேன். சில ஆண்டுகளுக்கு முன், பாடசாலைகளுக்கிடையிலான போட்டியொன்றுக்கு ஒரு மாணவனை அழைத்துச் சென்றேன். முதலாட்டத்தில் எதிரி காலாட்களைத் தள்ளித் தள்ளி வென்றான். கலங்கி வந்த அவனிடம், “அஞ்சாதே, நீயும் தள்ளு!” என்றேன். வீரம் ஊட்டுவதாக எண்ணிச் சொன்ன சொல் அது. அவ்வாறே தள்ளி அடுத்த இரு ஆட்டங்களையும் தோற்றான். மறுவாரம் பயிற்சிக்கு வரவில்லை; பின்னர் ஒருபோதும் வரவில்லை. அண்மையில் உட்துறைமுக வீதியில் என்னைக் கண்டு, சைக்கிளை விட்டிறங்கி, “ஐயா, இன்னமும் பெடியளுக்குச் செஸ் பழக்குறீங்களா?” என்று அன்போடு வினவினான். “ஓம்” என்றேன். அன்று உனக்குப் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று கூற நாவெழவில்லை. அதனை ஈண்டு எழுதுகிறேன்.

ஆசிரியரின் அரைகுறை அறிவு மாணவனின் ஆர்வத்தையே வெட்டிவிடக்கூடும். ஆதலாற் பழைய மாணவர்களிடம் எனது வேண்டுகோள் ஒன்று. கேடயங்களும் கிண்ணங்களும் வழங்குகிறீர்கள், நன்றி. உங்களுள் நன்கு ஆடத் தெரிந்தோர் கிழமைக்கொரு மாலை கல்லூரிக்கு வந்து, இளையவர்களோடு அமர்ந்து ஆடுங்கள். அவர்களைத் தோற்கடியுங்கள், ஆயின் ஏன் தோற்றனர் என்பதனைக் காட்டாமல் எழாதீர்கள்.

மாணவச் செல்வங்களே! எதிரியின் காலாள் முன்னேறும்போது கையைப் பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வலி, காலம், இடம் மூன்றையும் எண்ணுங்கள். அதன்பின் நகர்த்துங்கள்.