காரும் சைக்கிளும் குடும்பமும்

சிலருக்குக் காரின் மீது தனிப் பிரியம். வேறு சிலருக்குச் சைக்கிளின் மீது. இரண்டுமே நல்ல ஆர்வங்கள்தாம். எனினும், வீட்டாரைக் கலந்து பேசாமல் வளர்க்கும் ஆர்வம் குடும்பத்திற்குச் சுமையாகிவிடும்.

சிங்கப்பூரில் கார் வாங்குவதற்கு வாகன உரிமைச் சான்றிதழ் தேவை. 1990-ஆம் ஆண்டில் அறிமுகமான இச்சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஏலத்தில் அதன் விலை 2023-ஆம் ஆண்டில் 100,000 வெள்ளியையும் தாண்டியது. காரின் மாதத் தவணை குடும்ப வருமானத்திலிருந்தே செல்கிறது. பிள்ளைகளின் படிப்பும் தாத்தா பாட்டியின் மருத்துவமும் அதே வருமானத்தைத்தான் நம்பியிருக்கின்றன. ஆகவே, கார் வாங்குவது ஒருவர் மட்டும் எடுக்கும் முடிவாக இருத்தல் கூடாது.

சைக்கிளோட்டத்திற்குச் செலவு குறைவு. ஆனால், நேரம் அதிகம் தேவை. ஞாயிறு விடியலில் நண்பர்களுடன் புறப்படும் தந்தை நண்பகலில் களைத்துத் திரும்பினால், குடும்பம் கூடியிருக்க வேண்டிய காலைப்பொழுது கழிந்துவிடும்.

'வாரம் முழுவதும் உழைப்பவருக்குத் தமக்கென்று சிறிது நேரம் வேண்டாமா?' என்று சிலர் கேட்கலாம். நிச்சயம் வேண்டும். அந்நேரத்தை வீட்டில் பேசி முடிவு செய்தால் யாருக்கும் மனக்குறை வராது. ஒரு வாரம் நண்பர்களுடன் நெடுந்தூரம் செல்பவர், மறுவாரம் பிள்ளைகளுடன் பூங்கா இணைப்புப் பாதையில் மெதுவாக ஓட்டலாம். காரைக் கழுவும்போதும் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் இடும்போதும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பொறுப்பு பெரியவர்களுக்கு மட்டும் உரியதன்று. புதிய சைக்கிள் கேட்கும் மாணவரும் வீட்டின் வரவு செலவை எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டார் மனமுவந்து ஏற்கும் ஆர்வமே நீடித்து நிற்கும்.