இறுக்க இறுக்கச் சொட்டும் குழாய்

போன வாரம் மிக்ஸி ஜார் பிளேடைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். இந்த வாரம் குளியலறைக்குப் போவோம்.

என் அம்மா பெரம்பலூரில் தனியாக இருக்கிறார். வயது 73. நான் இருப்பது அரியலூரில். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்தான். போன மாதம் போனபோது, குளியலறைத் தொட்டிக் குழாயின் கழுத்தில் ஒரு பழைய துணி கட்டியிருந்தது. அதன் நுனி தொட்டிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"சொட்டுதுடி. ராத்திரியெல்லாம் டொக்கு டொக்குன்னு சத்தம். துணியைக் கட்டிவிட்டா சத்தம் இல்லாம இறங்கிடுது."

"எத்தனை நாளா?"

"பொங்கல்லேருந்து. பிளம்பர் தம்பிகிட்ட நாலு தடவை சொல்லிட்டேன். இந்தா வர்றேன்மாங்குது. ஒரு குழாய்க்காக யாரு வர்றா?"

சத்தம் நின்றதே தவிர, சொட்டு நிற்கவில்லை. சினிமாவில் வருகிற பாத் டப் எல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. அப்பா கட்டிய சிமென்ட் தொட்டிதான். அது நிரம்பி வழிந்து, தரையில் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. "முந்தாநாள் கால் வழுக்கிடுச்சு. கதவைப் பிடிச்சுக்கிட்டேன்" என்று, பால் பொங்கியதைச் சொல்வது போலச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நாளைக்கு ஒரு குடம்

முதலில் துணியை அவிழ்த்துவிட்டு, குழாயின் கீழே ஒரு டம்ளரை வைத்தேன். பத்தே நிமிடம். பிறகு, மருந்து அளக்கிற மூடியால் அளந்தேன். 100 மில்லி இருந்தது. ஒரு நாளைக்கு 144 பத்து நிமிடங்கள். அப்படியென்றால் 14 லிட்டருக்கு மேல். கிட்டத்தட்ட ஒரு பிளாஸ்டிக் குடம். வருடத்துக்கு 5,000 லிட்டரைத் தாண்டும். மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் டேங்க் ஐந்து முறை நிரம்புகிற தண்ணீர். அதை ஏற்ற மோட்டார் ஓடிய கரன்ட் தனி.

"ஒரு நாளைக்கு ஒரு குடமா?" என்று அம்மா திரும்பக் கேட்டார். கல்யாணம் ஆன புதிதில், ஊர்க் கிணற்றிலிருந்து இடுப்பில் குடம் சுமந்தவர் அவர். அதற்கப்புறம் பிளம்பரைப் பற்றிப் பேசவே இல்லை. "உனக்குக் கழட்டத் தெரியுமா?" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டம்ளரை வைத்துப் பாருங்கள். எண்ணைப் பார்த்தால்தான் கை வேலைக்குப் போகும்.

ஏன் சொட்டுகிறது?

பழைய பித்தளைக் குழாயின் சூட்சுமம் எளிது. உள்ளே தண்ணீர் வரும் துவாரத்துக்கு ஒரு வட்ட விளிம்பு உண்டு. அதற்குப் பெயர் சீட். கைப்பிடியைத் திருகும்போது, காசு அளவில் இருக்கும் ஒரு ரப்பர் வாஷர் இறங்கி அந்தச் சீட்டின் மேல் உட்காரும். தண்ணீர் நிற்கும். வாஷர் தேய்ந்தாலோ, இடையில் ஏதாவது சிக்கினாலோ சொட்டும்.

நம் பக்கத்தில் பெரும்பாலும் சிக்குவது உப்பு. போர் தண்ணீர் பாறைகளுக்கு நடுவே ஊறி வரும்போது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. வாளியிலும் குழாய் மூக்கிலும் வெள்ளை வெள்ளையாகப் படிவது அதுதான். அரியலூரில் சிமென்ட் ஆலைகளுக்காகத் தோண்டுகிறார்களே சுண்ணாம்புக்கல், அதுவும் பெரும்பாலும் இதே பொருள்தான்: கால்சியம் கார்பனேட். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணின் பெரும்பகுதி கடல். அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் படிந்து உண்டான கல் அது. வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்தக் கடல் உயிர்களின் படிவங்களைப் பார்க்கலாம். குழாய்க்குள் படியும்போது மட்டும் அது அரம் மாதிரி வாஷரை அறுக்கிறது.

சொட்டினால் நாம் என்ன செய்கிறோம்? இன்னும் பலமாக இறுக்குகிறோம். அங்கேதான் தப்பு. இறுக்க இறுக்க அந்த உப்புத் துகள் ரப்பரில் ஆழமாகப் பதியும். மறுநாள் இன்னும் அதிகமாகச் சொட்டும். அம்மா இரண்டு கையாலும் இறுக்கியிருந்தார்.

செய்முறை

தேவையானவை: ஸ்க்ரூ டிரைவர், இரண்டு ஸ்பானர், அரை இஞ்ச் குழாய்க்கான வாஷர், கொஞ்சம் டெஃப்ளான் டேப், ஒரு கிண்ணம் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு.

1. மாடி டேங்கிலிருந்து இறங்கும் லைனில் கேட் வால்வை மூடுங்கள். உப்பு பிடித்து அது திரும்பவில்லை என்றால் முரட்டுத்தனம் வேண்டாம். காலையில் மோட்டார் போடுவதற்கு முன், டேங்க் காலியாக இருக்கும்போது வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

2. குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீரை வாளியில் பிடித்துக்கொள்ளுங்கள். தொட்டியின் வடிகாலை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள். சின்ன திருகாணி விழுந்தால் தேடி எடுக்க முடியாது.

3. கைப்பிடியின் திருகாணியைக் கழற்றுங்கள். பிறகு ஒரு ஸ்பானரால் குழாயின் உடலைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் மேல்பாகத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். உடலைப் பிடிக்காமல் திருப்பினால் சுவருக்குள் இருக்கும் பைப் உடையும் அபாயம் உண்டு. பத்து ரூபாய் வேலை சுவரை இடிக்கிற வேலையாகிவிடும்.

4. மேல்பாகத்தோடு ஒரு சின்னப் பித்தளைத் தண்டும், அதன் அடியில் வாஷரும் வரும். சில குழாய்களில் தண்டு உள்ளேயே நிற்கும், விரலால் எடுத்துவிடலாம். பழைய வாஷரைக் கையோடு ஹார்டுவேர் கடைக்குக் கொண்டுபோய், அதே அளவில் வாங்குங்கள். விலை சில ரூபாய்தான்.

5. பித்தளைப் பாகங்களை அரை மணி நேரம் வினிகரில் ஊறப்போடுங்கள். நுரைத்துக்கொண்டு உப்பு கரையும். வினிகர் இல்லையா? பித்தளைச் செம்பு விளக்குகிற புளியால் தேயுங்கள். டாய்லெட் கழுவும் ஆசிட் மட்டும் வேண்டாம். அது பித்தளையையே தின்றுவிடும், அதன் புகையும் கெடுதல்.

6. சீட்டை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. பள்ளமோ கீறலோ இருந்தால், எத்தனை வாஷர் மாற்றினாலும் நிற்காது. அப்போது புதுக் குழாய்தான் வழி.

7. புது வாஷரைப் பொருத்தி, மரையில் டெஃப்ளான் டேப் சுற்றி, மேல்பாகத்தை மாட்டுங்கள். மாட்டும்போது குழாய் பாதி திறந்த நிலையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் புது வாஷர் நசுங்கும். கடைசியில் கேட் வால்வை மெதுவாகத் திறங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். கால் சுற்றிலேயே திறந்து மூடுகிற புது மாடல் குழாய்களில் இந்த ரப்பர் வாஷர் இருக்காது. அவற்றில் உள்பாகத்தை மொத்தமாக மாற்ற வேண்டும். கழற்றி எடுத்துக் கடையில் காட்டினால் அதற்கேற்றதைத் தருவார்கள்.

விரல் போதும்

எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அதில் முக்கால் மணி நேரம் கேட் வால்வோடு மல்லுக்கட்டியது. கழற்றிய வாஷரின் நடுவே வட்டமாக ஒரு வெட்டு, அதில் ஒரு வெள்ளைத் துகள் பதிந்திருந்தது. அம்மா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மாட்டி முடித்ததும் வழக்கம்போல இரண்டு கையையும் கொண்டுபோனார். "வேண்டாம்மா, இரண்டு விரல் போதும்" என்றேன். நம்பாமல்தான் மூடினார். தண்ணீர் நின்றது. கீழே டம்ளரை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து பார்த்தபோது டம்ளர் காய்ந்தே இருந்தது.

தரைப் பாசியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தோம். வாஷர் தேய்ந்த குழாயை வினிகரால் கழுவியது போதாது, ஒன்றிரண்டு வாஷர் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும் என்று நாலு வாஷரை அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் வருடத்துக்கு ஒரு முறை குழாயைத் திறந்து பார்ப்பது நல்லது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது செய்துவிட்டால் மறக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடமிருந்து போன். "அடுத்த வீட்டுக் குழாயும் சொட்டுதாம். நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன். அந்த ஸ்பானர் எங்க வச்ச?"

அடுத்த வாரம்: பிரஷர் குக்கரின் விசில் ஏன் வராமல் முரண்டு பிடிக்கிறது என்று பார்ப்போம்.