ஆட்டுக்குள்ள கவனம் ஆளுக்கு வேண்டாமா?

வெள்ளிக்கிழமைதோறும் ஒடுகத்தூரில் கூடும் ஆட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். ஆடு வாங்க வருகின்றவன் எவனாவது அதன் ஜாதகத்தைக் கேட்கின்றானா? முதுகைத் தடவி, தொடையைப் பிடித்து, தூக்கிப் பார்த்து, இன்ன விலைதான் பெறும் என்கின்றான். ஆட்டின் விஷயத்தில் இவ்வளவு புத்தியை உபயோகிக்கின்ற அதே மனிதன், வீட்டில் மகள் மெலிந்தால் கண்பட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகின்றான். தனக்குத் தொந்தி விழுந்தால் லட்சுமி கடாட்சம் என்று தடவிக்கொள்ளுகின்றான்! இதைவிட முட்டாள்தனம் வேறு உண்டா?

தேகத்தின் நிலையை அறிய மந்திரம் வேண்டியதில்லை, கணக்குப் போதும். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் வகுத்து, வந்ததை மறுபடியும் அதே உயரத்தால் வகுக்க வேண்டியது. இது 1830-களில் பெல்ஜியம் தேசத்துக் கெத்தலே என்பவர் கண்ட கணக்கு. வயது வந்தவர்களுக்கு 18.5-க்குக் கீழே என்றால் மெலிவு. மேல்வரம்பு உலகத்துக்குப் பொதுவாக 25 என்பார்கள். நம்மவர்களுக்கோ 23-லேயே எச்சரிக்கை வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் ஏறக்குறைய 47½ முதல் 59 கிலோவுக்குள் இருப்பது நலம்.

நிற்க, இந்த எண்ணையும் ஒரு புது வேதமாக்கிக் கும்பிட வேண்டாம். புனாவின் யாக்னிக், லண்டனின் யட்கின் என்னும் இரு வைத்தியர்கள் தங்களையே அளந்து 2004-ல் வெளியிட்டார்கள். இருவருக்கும் எண் 22.3. ஆனால் லண்டன்காரர் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9; நம்மவர் உடலில் 21! ஆகையால் இடுப்பையும் அளக்க வேண்டும். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் நீரிழிவும் இருதய நோயும் வாசலில் நிற்கின்றன என்று அர்த்தம்.

2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் 25-ம் அதற்கு மேலும். 12 பேருக்கு மேல் 18.5-க்குக் கீழே. ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிக்கு விடியுமுன் பஸ் ஏறும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். சமைத்தவள் அவள், எல்லோரும் உண்டபின் மிச்சம் அவளுக்கு. 150 சென்டிமீட்டர் உயரத்தில் அவள் 38 கிலோ இருந்தால் எண் 17-ஐக்கூட எட்டாது. இது எந்தக் கிரகத்தின் கோளாறு? சோற்றுப் பானையைப் பங்கிடுவதிலுள்ள கோளாறல்லவா? பருப்பும் முட்டையும் காயும் இல்லாமல் வெறுஞ்சோற்றால் வயிற்றை நிரப்பி, நாளெல்லாம் உட்கார்ந்தே தைக்கின்ற மற்றொருத்தி பருத்துப் போனால், அதுவும் அவளுடைய பேராசையா?

மெலிந்தவளைத் தரித்திரம் என்றும், பருத்தவளைச் சோம்பேறி என்றும் ஏசுகின்ற யோக்கியர்கள் முதலில் அவள் தட்டைப் பார்க்கட்டும். ஆஸ்பத்திரித் தராசு யாருடைய ஜாதகத்தையும் கேட்பதில்லை. குடும்பத்தோடு போய் ஏறி நில்லுங்கள். சுற்றிப் போடுகின்ற மிளகாயைக் குழம்பில் போடுங்கள். அந்தக் குழம்பைச் சமைத்தவளுக்கும் முதல் பந்தியிலேயே பரிமாறுங்கள்!