படை வருமோ, நரி வருமோ? கடலடி சுரங்கத்தைக் கண்டு இங்கிலாந்து பயந்த கதை!

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலுக்கு அடியில் ரெயில் ஓடுகிறது. சுரங்கத்தின் நீளம் 50 கிலோ மீட்டர். அதில் 38 கிலோ மீட்டர் கடலுக்குக் கீழே! காரோடு ரெயிலில் ஏறினால் 35 நிமிடத்தில் அக்கரை.

ஆனால் யோசனை பிறந்து பாதை திறக்க ஏறக்குறைய 200 ஆண்டு ஆயிற்று. பணம் ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம்!

குதிரை வண்டிப் பாதை

1802-ல் ஆல்பெர்ட் மாத்தியூ என்ற பிரெஞ்சு என்ஜினீயர் முதல் திட்டம் போட்டார். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் குதிரை வண்டிகள் போகும். குதிரை மாற்ற நடுக்கடலில் ஒரு தீவு! அடுத்த ஆண்டே இரு நாட்டுக்கும் சண்டை. திட்டம் போச்சு.

1880 வாக்கில் தோண்டவே ஆரம்பித்தார்கள். இரு கரையிலும் ஒரு மைலுக்கு மேல் தோண்டியாச்சு. ராணுவத்தார் குறுக்கே வந்தார்கள். கடல்தான் நமக்கு அகழி, அதன் அடியில் வழி விட்டால் பிரெஞ்சுப் படை நுழைந்துவிடும் என்றார்கள். 1882-ல் வேலை நின்றது.

1975-ல் மறுபடி நின்றது. இந்தத் தடவை செலவுக் கணக்கு! கடைசியில் 1986-ல் ஒப்பந்தம். 1994 மே 6-ந் தேதி திறப்பு விழா. எலிசபெத் ராணியும் பிரெஞ்சு ஜனாதிபதி மித்தரானும் திறந்துவைத்தார்கள்.

நரி பயம்

படை பயம் போனது. நரி பயம் வந்தது! 1922-லேயே வெறிநோயை ஒழித்த நாடு இங்கிலாந்து. பிரான்சிலோ நரிகளிடம் அந்த நோய் இருந்தது. நரியும் எலியும் சுரங்கம் வழியே வந்துவிட்டால்? தடுக்க வேலி போட்டார்கள், மின்சாரத் தடுப்பும் வைத்தார்கள்.

நோய் வரவில்லை. காரணம் வேலி மட்டும் அல்ல. பிரான்ஸ் தன் காடுகளில் ஹெலிகாப்டர் மூலம் தடுப்பு மருந்து வைத்த இரையைப் போட்டது. நரிகள் தின்றன. 2001-க்குள் அங்கே நரி வெறிநோயே இல்லை!

இப்போது மனிதர்கள்

வந்தவர்கள் யார்? போருக்கும் பசிக்கும் தப்பி ஓடி வந்த ஏழைகள். 2015-ல் பிரான்சின் காலே நகரில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். இருட்டில் சுரங்கத்துக்குள் நடந்தே போகப் பார்த்தவர்களும் உண்டு. வேலி உயர்ந்தது, காவல் கூடியது.

வரத்து நின்றதா? இல்லை! வழிதான் மாறியது. ரப்பர் படகில் ஏறினார்கள். 2021 நவம்பர் 24-ந் தேதி ஒரே படகில் குறைந்தது 27 பேர் மூழ்கி இறந்தார்கள். அப்படியும் 2022-ல் மட்டும் 45 ஆயிரம் பேருக்கு மேல் படகில் கரை சேர்ந்தார்கள்.

நரி விஷயத்தில் நோயை அது பிறந்த இடத்திலேயே தீர்த்தார்கள். மனிதன் விஷயத்தில் வேலியைத்தான் உயர்த்துகிறார்கள். ஊரை விட்டு ஓடவைத்த காரணம் அங்கேயே இருக்க, வாசலை மட்டும் அடைத்து என்ன பயன்?