ஓடும்போதே கழற்றலாம் என்னும் நம்பிக்கை

தரவுச் சேமிப்புப் பெட்டியில் பழுதான ஹார்டு டிஸ்க், பவர் சப்ளை, மின்விசிறி ஆகியவற்றை இயந்திரத்தை நிறுத்தாமலே மாற்றும் வசதியே ஹாட் ஸ்வாப். இவ்வசதி இருந்தால் எதையும் எப்போதும் கழற்றி மாட்டலாம் என்ற கருத்து பரவியிருக்கிறது. அதைத் தாங்கும் ஐந்து வாதங்களும் ஆராய்ந்தால் நிற்பதில்லை.

முதல் வாதம்: மஞ்சள் விளக்கு எரியும் டிஸ்க்கை உருவினால் போதும். மஞ்சள் விளக்கின் பொருள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பல டிஸ்க்குகளை ஒரே தொகுதியாக இணைக்கும் ரெய்டு முறைகளில், ரெய்டு 5 ஒரு டிஸ்க்கின் இழப்பையும் ரெய்டு 6 இரண்டின் இழப்பையும் தாங்கும். ரெய்டு 5இல் ஒன்று பழுதாகியிருக்கும்போது தவறிப்போய் நல்ல டிஸ்க்கை உருவினால் தொகுதி முழுவதும் முடங்கும். மேலாண்மைத் திரையில் தெரியும் சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த டிஸ்க்கின் அடையாள விளக்கை மினுக்கவிட்டுப் பார்த்த பிறகே கைவைக்க வேண்டும். சற்றே வெளியே இழுத்து, சுழலும் தட்டுகள் நிற்க அரை நிமிடமாவது விட்டு, பிறகு முழுதாக எடுக்க வேண்டும்.

இரண்டாவது: புதிய டிஸ்க்கைச் செருகியதும் வேலை முடிந்தது. ஆபத்து கூடுவது அப்போதுதான்: மற்ற டிஸ்க்குகளைப் படித்து இழந்த தரவைப் புதியதில் எழுதும் மறுகட்டமைப்பு தொடங்குகிறது. 12 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் நிரப்ப 22 மணி நேரம் ஆகும். நான்கு டிஸ்க் கொண்ட ரெய்டு 5இல் எஞ்சிய மூன்றிலிருந்தும் 36 டெராபைட்டைப் பிழையின்றிப் படித்தாக வேண்டும். வீட்டுக் கணினிக்கான பல டிஸ்க்குகளின் விவரக்குறிப்போ 12.5 டெராபைட்டுக்கு ஒரு படிப்புப் பிழை வரை அனுமதிக்கிறது. மறுகட்டமைப்பு முடியும்வரை வேறெதையும் தொடக்கூடாது.

மூன்றாவது: பழுதானதைக் கழற்றிவிட்டுப் புதியதைத் தேடலாம். மின்விசிறி இருந்த இடம் காலியானால் குளிர்காற்று அந்த ஓட்டை வழியே சுற்றி வீணாகும், டிஸ்க்குகள் சூடேறும். மாற்றுப்பாகம் கைக்கு வரும்வரை பழையது அங்கேயே இருக்கட்டும். பவர் சப்ளையை மாற்றும் முன் இணையாக உள்ள மற்றொன்று சீராக ஓடுகிறதா என்று பார்த்து, பழுதானதன் மின்கம்பியை முதலில் பிடுங்க வேண்டும்.

நான்காவது: ஈரக்காற்றில் நிலைமின்சாரம் தங்காது. தென்மேற்குப் பருவத்தில் குற்றாலச் சாரல் தென்காசியையும் இலத்தூரையும் நனைக்கும் நாட்களில் இது உண்மைபோலத் தோன்றும். ஆனால் ஏசி அறைக்குள் காற்று உலர்ந்துவிடுகிறது. சுமார் 3,000 வோல்ட்டுக்குக் குறைந்த பொறியை மனிதர் உணர்வதில்லை; 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே சேதமாகும் சில்லுகள் உண்டு. எனவே மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டாயம்.

ஐந்தாவது: ரெய்டு இருக்கப் பேக்கப் எதற்கு? 1988இல் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் முன்வைத்த ரெய்டு, டிஸ்க் பழுதைத் தாங்கும் ஏற்பாடு. தவறுதலாக அழித்த கோப்பையோ தீயில் கருகிய பெட்டியையோ அது மீட்காது. ஆகவே எந்தப் பாகத்தைக் கழற்றும் முன்னும், வேறிடத்தில் உள்ள பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்த்துக்கொள்வதே முதல் வேலை.