'லெ' எங்கே போச்சு?

ஃப்ரெஞ்ச் க்ளாஸ் மக்களே, முதல்ல ஒரு சின்ன கணக்கு. 'ஆ' என்றால் நம்ம ஊர் 'க்கு', 'இல்' மாதிரி. 'லெ' என்பது ஆண்பால் பெயருக்கு முன்னால் வரும் 'தி'. ரெண்டையும் கூட்டினா என்ன வரும்? 'ஆ லெ'ன்னு எழுதினா முட்டைதான். விடை, 'ஓ'!

மொத்தமே நாலு கூட்டல்தான் பாஸ், மனப்பாடம் பண்ணிடுங்க.

ஆ + லெ = ஓ
ஆ + லே (பன்மை) = இதுவும் ஓ, எழுதும்போது மட்டும் கடைசியில் ஒரு எக்ஸ் சேரும்
தெ + லெ = த்யூ
தெ + லே = தே

'தெ' என்றால் 'உடைய', 'இருந்து'. பெண்பால் 'லா' இந்த ஆட்டத்துக்கே வராது. உயிரெழுத்துக்கு முன்னால் தேய்ந்து வெறும் 'ல்' ஆகிறதே, அதுவும் ஒட்டாது.

இங்கிலீஷ்ல 'டூ நாட்'டை 'டோன்ட்'டுன்னு சுருக்குவது நம்ம இஷ்டம். ஃப்ரெஞ்சில் அந்தச் சலுகை கிடையாது. எவ்வளவு மரியாதையா எழுதினாலும் 'ஓ'தான். நமக்கு இது புதுசா என்ன? 'மரம்' கூட 'க்கு' சேர்ந்தா 'மரத்துக்கு'ன்னுதானே சொல்றோம். யாராவது 'மரம்க்கு'ன்னா காது கூசும். அதே கூச்சம்தான் அவங்களுக்கும்.

சரி, 'லெ'யில் இருந்த 'ல்' எங்கே போச்சு? பழைய ஃப்ரெஞ்சில் இது 'அல்'. மெய்யெழுத்துக்கு முன்னால் வந்த 'ல்' காலப்போக்கில் 'உ' ஆகி, 'அல்' 'அஉ' ஆகி, இன்னிக்கு 'ஓ'வில் வந்து நிற்குது. குதிரைக்கு ஒருமை 'ஷெவால்', பன்மை 'ஷெவோ'. அங்கேயும் இதே கதைதான்.

இப்போ பாரீஸுக்கு வாங்க. மூணு ரயில் நிலையங்களின் பெயர்ப் பலகையே பாடம் நடத்தும். 'கார் த்யூ நோர்': வடக்கு ஆண்பால், அதனால் 'த்யூ'. 'கார் தெ லெஸ்ட்': கிழக்கு உயிரெழுத்தில் ஆரம்பிக்குது, ஒட்டலை. 'கார் தெ லியோன்': லியோன் ஊர்ப்பெயர், முன்னால் 'லெ'யே இல்லை, வெறும் 'தெ'.

ஊர்ப்பெயரிலேயே 'லெ' இருந்தா? அங்கேதான் ஆப்பு. 1923-ல் ஆரம்பிச்ச 24 மணி நேர கார் ரேஸ் நடக்கும் ஊர் 'லெ மான்'. 'லெ மானுக்கு' என்பது 'ஓ மான்', 'லெ மானிலிருந்து' என்பது 'த்யூ மான்'. விஷயம் தெரியாதவர் ஸ்டேஷன் அறிவிப்பில் 'த்யூ மான்' கேட்டுட்டு, மேப்பில் அப்படி ஒரு ஊரைத் தேடிக்கிட்டே ரயிலைக் கோட்டை விடுவார்!

விளையாட்டுக்கு 'ஆ', வாத்தியத்துக்கு 'தெ'. ஃபுட்பால் ஆடினா 'ஜூவே ஓ ஃபுட்'. பியானோ வாசிச்சா 'ஜூவே த்யூ பியானோ'. மாத்திச் சொன்னா ஃபுட்பாலை வாசிச்சிடுவீங்க. ஐஸ்க்ரீம் கடையிலும் இதே கதை. சாக்லெட் ஆண்பால், 'க்ளாஸ் ஓ ஷொகொலா'. வெனிலா பெண்பால், 'க்ளாஸ் ஆ லா வனிய்'.

ஒரே ஒரு கண்ணி. 'லெ'க்கு 'அவனை', 'அதை' என்றும் அர்த்தம் உண்டு. அப்போ ஒட்டாது. 'இப்பதான் அவனைப் பார்த்தேன்' என்பதற்கு 'தெ லெ வுவார்'தான், 'த்யூ வுவார்' இல்லை.

ஆக, நாலு கூட்டல் அஞ்சு நிமிஷ வேலை. நிஜமான சிக்கல் வேற. சொல் ஆண்பாலா பெண்பாலான்னு தெரியலைன்னா இந்த நாலும் உதவாது. டெல்ஃப் ஓரலில் வாய் திறந்த மறுவிநாடியே அது வெளியே தெரிஞ்சிடும். அதனால் 'ஷொகொலா'ன்னு தனியா படிக்காதீங்க, 'லெ ஷொகொலா'ன்னு ஜோடியா படிங்க. காதில் 'த்யூ' விழுந்தா, அடுத்து வருவது ஆண்பால்னு ஓசியில் ஒரு க்ளூவும் கிடைக்கும்.

இந்த வார ஹோம்வொர்க்: 'கஃபே ஓ லே'யில் 'லே' என்றால் பால். அப்போ பால் ஆண்பாலா, பெண்பாலா? கண்டுபிடிச்சவங்க கேன்டீன்ல ஒரு காபி சொல்லுங்க. வர்ட்டா!