உழைப்புக்கு வரி உண்டு, பரம்பரைச் சொத்துக்கு இல்லை

எங்கள் தாமானில் உள்ள ஒட்டுக்கடையில் போன வாரம் ஒரு பேச்சு. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "வரியெல்லாம் பணக்காரன் பாடு தம்பி. நாம எங்க வரி கட்டுறோம்?" சுற்றி இருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

வருமான வரியைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். 2025 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஆண்டுக்கு 20,400. அதில் தனிநபர் கழிவு 9,000 ரிங்கிட்டையும் சேமநிதிச் சந்தாவையும் கழித்தால் மிஞ்சும் தொகைக்கு வரி என்று கட்ட எதுவும் இருக்காது.

ஆனால் அதே பெரியவர் வீட்டுக்கு ஓர் ஐஸ் பெட்டி வாங்கினால் வரி கட்டிவிட்டுத்தான் வருகிறார். ஆலையிலோ துறைமுகத்திலோ விதிக்கப்படும் 10 விழுக்காடு விற்பனை வரி விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ரசீதில் அது தனியாக வராது. ஆலை விலை 1,000 ரிங்கிட் என்றால் வரி 100 ரிங்கிட். 1,700 சம்பளக்காரருக்கு அது மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய 6 விழுக்காடு. 17,000 வாங்குபவருக்கு 1 விழுக்காடுகூட இல்லை. பெட்டி ஒன்றுதான், வரியும் ஒன்றுதான். சுமை மட்டும் ஒன்றல்ல.

2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி வந்தபோது மக்கள் கொதித்ததற்கு அது ரசீதில் கண்ணுக்குத் தெரிந்ததும் ஒரு காரணம். 10 வெள்ளி கைப்பேசி ரீலோட் கார்டுக்கு 10 வெள்ளி 60 காசு கொடுத்த நாள்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2018 ஜூனில் ஜிஎஸ்டி பூஜ்யமானது, செப்டம்பரில் எஸ்எஸ்டி திரும்பி வந்தது. 2017-இல் ஜிஎஸ்டி மூலம் கிடைத்தது சுமார் 44 பில்லியன் ரிங்கிட். 2019-இல் எஸ்எஸ்டி தந்தது 28 பில்லியனுக்கும் சற்றுக் குறைவு. அந்தப் பள்ளத்தை நிரப்பும் வேலைதான் இன்றுவரை நடக்கிறது. 2024 மார்ச்சில் சேவை வரி 6-லிருந்து 8 விழுக்காடானது. 2025 ஜூலையில் எஸ்எஸ்டி மேலும் பல பொருள்களுக்கும் சேவைகளுக்கும் விரிந்தது.

அந்த விரிவாக்கத்தில் ஒரு நியாயம் இருந்ததை மறுக்க முடியாது. அரிசி, கோழி, காய்கறி போன்ற அன்றாடப் பொருள்களைத் தொடாமல் ராட்சத நண்டு, சால்மன் மீன், பந்தய சைக்கிள் என்று தேடிப் பிடித்தார்கள். முதல் பட்டியலில் ஆப்பிளும் ஆரஞ்சும் சிக்கின. ஏழை வீட்டுப் பிள்ளையும் ஆப்பிள் சாப்பிடும் என்று எதிர்ப்புக் கிளம்பியதும் அவற்றுக்கு விலக்கு கொடுத்தார்கள். நல்லது. ஆனால் ஏழை பணக்காரர் இடைவெளி நண்டிலும் சைக்கிளிலுமா இருக்கிறது? அது இருப்பது நிலத்தில், கடைவீட்டில், பங்குகளில்.

இங்கே நாமே அடிக்கடி செய்யும் ஒரு தவற்றையும் சொல்லிவிட வேண்டும். 2025 முதல் ஆண்டுக்கு 100,000 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட இலாப ஈவுக்கு 2 விழுக்காடு வரி உண்டு. ஈவாக 500,000 ரிங்கிட் பெறுபவர் 8,000 கட்டுகிறார், அதே தொகையை வரிக்குரிய வருமானமாகக் கொண்ட சம்பளக்காரர் 110,400 கட்டுகிறார், இது அநியாயம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கு சரி. ஆனால் அந்த ஈவு கைக்கு வருவதற்கு முன்பே நிறுவனம் பொதுவாகத் தன் இலாபத்தில் 24 விழுக்காடு வரி கட்டியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாக இல்லை. கோபத்தை வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

எங்கே? மாதம் 6,000 ரிங்கிட் வாங்கும் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நம் சமூகத்தில் நன்றாக முன்னேறிய குடும்பம் என்று சொல்லக்கூடிய நிலை. வழக்கமான கழிவுகள் போக, ஆண்டுக்குச் சுமார் 2,500 ரிங்கிட் வருமான வரி கட்டுவார். இன்னொருவர் 300,000 ரிங்கிட்டுக்கு வாங்கிய நிலத்தை ஏழாம் ஆண்டில் 900,000-க்கு விற்கிறார். இலாபம் 600,000. மேற்பார்வையாளர் அந்தத் தொகையைச் சம்பாதிக்க 100 மாதம், அதாவது எட்டு ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டும். அதற்குள் 20,000 ரிங்கிட்டுக்கு மேல் வரி கட்டியிருப்பார். நிலத்தை விற்றவர் குடிமகனாக இருந்தால் அந்த இலாபத்துக்கு அவர் கட்டும் வரி பூஜ்யம். ஐந்து ஆண்டு கடந்துவிட்டால் தனிநபருக்கு நில இலாப வரி இல்லை என்பது 2022 முதல் உள்ள விதி. பங்குச் சந்தையில் பங்கு விற்று வரும் இலாபத்துக்கும் தனிநபருக்கு வரி கிடையாது. 2024-இல் வந்த மூலதன இலாப வரி, முக்கியமாக நிறுவனங்கள் விற்கும் பட்டியலிடப்படாத பங்குகளைத் தொடுகிறது.

பரம்பரைச் சொத்துக்கும் வரி இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 1991 நவம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். எடுக்கும்போது அதன் அளவு என்ன தெரியுமா? 2 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட சொத்துக்கு 5 விழுக்காடு, 4 மில்லியனுக்கு மேற்பட்ட பகுதிக்கு 10 விழுக்காடு. அந்தக் காலத்து 2 மில்லியன்! லயத்து வீட்டை விட்டு வந்து தாமானில் ஒரு வீடு வாங்கிய எந்தக் குடும்பத்தையும் அது தொட்டிருக்காது.

நமக்கு இது வெறும் புள்ளிவிவரம் அல்ல. சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். புத்ராஜெயா எழுந்தது பிராங் பெசார் தோட்டம் இருந்த பகுதியில். காட்டை அழித்து, மரம் நட்டு, பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த மண்ணில் பட்டா இல்லை. ஏக்கர் கணக்கில் விற்கப்பட்ட நிலம் பிறகு சதுர அடிக் கணக்கில் விலை போனது. அந்த விலையேற்றம் நில உரிமையாளரின் உழைப்பால் மட்டும் வந்ததா? அரசாங்கம் சாலை போட்டது, ரயில் விட்டது, தண்ணீர் கொடுத்தது. எல்லாம் மக்கள் கட்டிய வரிப் பணம். ஐஸ் பெட்டிக்குப் பெரியவர் கட்டிய 100 வெள்ளியும் அதில் உண்டு.

சொத்து வரி போட்டால் பணம் வெளிநாட்டுக்கு ஓடிவிடும் என்பார்கள். ஓரளவுக்கு உண்மை. சிங்கப்பூரும் 2008-இல் பரம்பரைச் சொத்து வரியை ரத்து செய்துவிட்டது. பணத்தை அங்கே நகர்த்தலாம், அறக்கட்டளைக்குள் ஒளிக்கலாம். ஆனால் நிலத்தைக் கப்பலில் ஏற்ற முடியாது. அதனால் முதலில் தொட வேண்டியது நில இலாபம்தான் என்பது என் கருத்து. சொந்தமாகக் குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு விலக்கை வைத்துக்கொண்டு, மற்ற நிலங்களுக்கும் கடைவீடுகளுக்கும் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் 10 விழுக்காடு வாங்கலாம். நிறுவனங்களுக்கு இன்றும் அந்த விகிதம் உண்டு. பல கடைவீடு வைத்திருக்கும் தனிநபருக்கு மட்டும் ஏன் பூஜ்யம்?

வாங்கும் வரி எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. எஸ்டிஆர், சாரா உதவிகள் வருகின்றன, உண்மையிலேயே பயன்படுகின்றன. ஆனால் இணையத்தில் விண்ணப்பம், தகவல் புதுப்பிப்பு, வங்கிக் கணக்கு எண் என்று அலைய வேண்டியிருக்கிறது. முன்பு சொன்ன பெரியவருக்கு நான்தான் கைப்பேசியில் எஸ்டிஆர் விவரங்களைப் புதுப்பித்துக் கொடுத்தேன். மகனின் பழைய எண் பதிவில் இருந்ததால் அரை நாள் போனது. உதவிக்குக் கையேந்த இத்தனை படிவம். நிலத்தை ஏழாம் ஆண்டில் விற்று 600,000 பார்த்தவருக்கோ விலக்கு சட்டத்திலேயே காத்திருக்கிறது.

குறைந்தபட்சச் சம்பளம் 3,000, 4,000 ரிங்கிட் அளவுக்கு உயர்ந்த பிறகே ஜிஎஸ்டியைப் பற்றி யோசிக்கலாம் என்ற பொருளில் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் பேசியிருக்கிறார். ஆறுதலான பேச்சுதான். அதே மேடையில் நில இலாபத்தைப் பற்றியும் அவர் பேச வேண்டும். வரவு செலவுத் திட்டத்துக்கு முன் நிதி அமைச்சு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. நம் சங்கங்கள் வழக்கமாக அங்கே தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் மானியம் கேட்கும். கேட்கட்டும், வேண்டியதுதான். அடுத்த முறை மனுவில் இந்த ஐந்தாண்டு விலக்கைப் பற்றியும் ஒரு பத்தி எழுதச் சொல்லி உங்கள் வட்டாரச் சங்கச் செயலாளரிடம் கேளுங்கள்.